கலியபெருமாளின் வலது கை

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆவணியின் கடைசி முகூர்த்தம். என்னைத் தவிர வேறு எவனும் பந்தியில் பரிமாறக் கூடாது என்று பெண் வீட்டாரே கேட்டுக்கொண்டார்கள். வாயைத் திறந்து கேட்கவில்லை, பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. நான் ரசம் ஊற்றினால் பக்கத்தில் இருக்கிற அப்பளம் நனையாது. பாயசத்தை நூல் மாதிரி இறக்குவேன். புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் இதற்கு இன்னொரு ஆள் கிடையாது. காரைக்காலில் ஒருவன் இருந்தான், அவனும் துபாய் போய்விட்டான்.

மூன்றாவது பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா திடீரென்று தொடையை ஆட்டிவிட்டார். ரசம் அவர் பட்டு வேட்டியில் இறங்கியது. ரசம் போன வழியில்தான் போனது, தொடைதான் நகர்ந்தது. அதற்குள் மனிதர் எழுந்து நின்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

சமையல் கான்ட்ராக்டர் சிவக்கொழுந்து ஓடி வந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், நான் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன். (அவன் அப்பாவும் கொஞ்சம் கற்றுக்கொடுத்தார்.) என் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு, "கலியண்ணே, நீ போயி தண்ணி பாட்டில் வைய்யி" என்றான்.

கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றான். "புரட்டாசி பொறக்குது. கல்யாணம் காட்சி ஒண்ணும் கெடையாது. நல்லா ரெஸ்ட் எடுண்ணே. ஐப்பசியில சொல்லி அனுப்புறேன்" என்றான்.

இத்தனை வருஷத்தில் எனக்குச் சொல்லி அனுப்பியதில்லை. நானாகப் போவேன், வாளி இருக்கும். எடுத்துக்கொள்வேன்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி முதல் நாள். ஜெகதா கத்தரிக்காய் சாம்பார் வைத்தாள். ஜெகதா என் தங்கை. அவள் புருஷன் காலமான பிறகு இந்த வீட்டுக்குத் துணையாக ஒரு ஆண்பிள்ளை வேண்டும் என்று வற்புறுத்திக் கூட்டி வந்தாள். வருஷம் பன்னிரண்டு ஆகிறது. துணைக்கு இருக்கிறவனுக்கு மூன்று வேளையும் சூடாகப் போடுகிறாள். அவள் கை நன்றாக இருக்கட்டும்.

சாப்பிட்டுக் கை கழுவினதும் அவள் பெண் மணிமொழி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா, ஒரு மாசம் சும்மாதானே இருக்க?"

"சும்மாவா? எனக்கு ஆயிரம் ஜோலி கீது."

"ஒண்ணு சொல்லு பாப்போம்."

யோசித்தேன். அதற்குள் அவளே சொன்னாள். "ஒக்காந்து குடு மாமா. ஒன்ன வரையணும்."

மணிமொழி ஓவியக் கல்லூரியில் படித்தவள். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுக்கிறாள். மற்ற நேரமெல்லாம் மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறையில் எண்ணெய் வண்ணத்தில் மனுஷர்களை வரைகிறாள். பூ, மலை, கோபுரம் எதுவும் வரைய மாட்டாள். ஆளை எதிரே உட்கார வைத்து ஆளைத்தான் வரைவாள். கடற்கரைப் பக்கம் லூர்தம்மா என்று ஒரு அம்மாள் ஓவியக் கூடம் வைத்திருக்கிறார். ஐப்பசியில் புது ஓவியர்களுக்கென்று ஒரு கண்காட்சி, ஆளுக்கு ஒரே படம். படம் தேறினால் தையில் அவளுக்கு மட்டும் தனிக் கண்காட்சி வைக்கக் கூடத்தைக் கொடுப்பதாக அம்மாள் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஊரில் இத்தனை பேர் இருக்க என்னைத் தேர்ந்தெடுத்தாள் என்றால் ஓவியம் தெரிந்த பெண் என்றுதான் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

பட்டு ஜிப்பா, மைனர் செயின் (ஜெகதாவுடையது), பெருமாள் கோயில் பரிவட்டம் போலக் கட்டிய துண்டு, எல்லாவற்றோடும் மாடி ஏறினேன். மணிமொழி பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"யாரு மாமா நீ, ஜமீன்தாரா? பந்திக்கு எப்படிப் போவியோ அப்படி வா."

ஆகவே பனியன், வேட்டி, தோளில் துண்டு. பந்தி முடிந்து சமையல்கட்டில் கவிழ்த்த கூடையில் உட்கார்ந்திருப்போமே, அப்படி உட்காரச் சொன்னாள். பக்கத்தில் காலி வாளியும் கரண்டியும். இரண்டு கையும் முழங்காலில் இருக்க வேண்டுமாம். ராஜா மாதிரி வரைவாள் என்று நினைத்தேன், பசித்தவன் மாதிரி உட்கார வைத்துவிட்டாள். ஆனால் ராஜாக்களும் பனியனில்தான் உட்கார்ந்திருப்பார்கள், வரைகிறவர்கள் வந்த பிறகுதான் மேலே போட்டுக்கொள்வார்கள்.

செப்டம்பர் 20, சனி

டர்பென்டைன் என்று ஒரு திரவம். பிரஷ் கழுவ, வண்ணம் கரைக்க. ஜெகதா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு காபி கொண்டு வந்து வைத்துவிட்டு ஓடினாள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து, "வூடா பெட்ரோல் பங்காடி அது?" என்று குரல். எனக்கு மட்டும் ஒன்றுமே தெரியவில்லை. பாட்டிலைத் திறந்து மூக்கடியில் பிடித்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரிதான்.

போன மாதம் ஜெகதா பால் பொங்கித் தீய விட்டபோதும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். பொறுமைசாலிக்கு மூக்கும் பொறுமையாக இருக்கும்.

செப்டம்பர் 24, புதன்

முகம் முடிந்துவிட்டது. நான்தான், ஆனால் கொஞ்சம் கம்மி. என் முகத்தில் உள்ள களை முழுவதையும் எந்த வண்ணத்தாலும் கொண்டுவர முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

"நல்லா அசையாம ஒக்காருற மாமா" என்றாள். பிறகு பிரஷை வாயில் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "முன்னல்லாம் கதை சொல்லும்போது ஒன் புருவம் ரெண்டும் டான்ஸ் ஆடும். இப்ப வாய் மட்டுந்தான் பேசுது."

"வயசானா கம்பீரம் வரும்" என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மார்க்கெட்டுக்குப் போனேன். கீரைக்காரி, அரிசி மண்டிக்காரர், சைக்கிள் கடைக்காரன், எல்லோருக்கும் படத்தைப் பற்றிச் சொல்லியாயிற்று. பத்தடி உயரம் என்று சொன்னேன். உண்மையில் நான்கடி, ஆனால் சுவரில் மாட்டினால் தரையிலிருந்து பத்தடி வரும்.

வழியில் சிவக்கொழுந்தையும் பார்த்தேன். "ஐப்பசி எட்டாந் தேதி சாயந்தரம் நம்ம படம் தெறக்குறாங்க. வெள்ளைக்காரங்கல்லாம் வர்றாங்க. நீ கட்டாயம் வரணும்" என்றேன்.

"ஒனக்குப் படமா? மாலை போட்டா?" என்றான் படுபாவி.

"உயிரோட இருக்கிறவனுக்குப் போடுற படம்டா. அதுக்குத்தான் மதிப்பு."

"வர்றேண்ணே. கண்டிப்பா வர்றேன்" என்றான்.

மண்டிக்காரர் கொடுத்த இந்த டைரியில் முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பற்றாது. இப்போது இரண்டு நாள் சமாச்சாரம் ஒரு பக்கத்தில் அடங்குகிறது. எழுத்து பொடிப் பொடியாக, எறும்பு ஊர்ந்த மாதிரி. அனுபவம் கூடக் கூடக் கை சிக்கனமாகிவிடும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மணிமொழியின் பிரஷ்களைக் கழுவிப் பலகையில் அடுக்கி ஜெகதா சந்தனம் வைத்தாள். வண்ண டியூப் ஒவ்வொன்றுக்கும் குங்குமப் பொட்டு. என் கரண்டியையும் கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தேன். "அதுக்குத்தான் இப்ப வேலையில்லையே" என்று ஜெகதா சொல்லவில்லை. பெரிய பொட்டாக வைத்தாள். நன்றியுள்ள வீடு இது, அல்லது நான் நன்றியோடு இருக்க வேண்டிய வீடு. இரண்டில் ஒன்று.

பொரியும் கடலையும் நிறையத் தின்றேன்.

அக்டோபர் 4, சனி

இன்று கையில் இறங்கினாள். இடது கை அரை மணியில் முடிந்தது. வலது கையை வரைந்தாள், கத்தியால் சுரண்டினாள், மறுபடி வரைந்தாள், மறுபடி சுரண்டினாள்.

"மாமா, கைய அசைக்காத."

"நான் எங்க அசைச்சேன்? ஃபேன் காத்து."

எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள். வந்து பார்த்தாள். கை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, கட்டை விரல் ஆள்காட்டி விரலோடு ஏதோ ரகசியம் பேசுகிற மாதிரி. வேலை இல்லாமல் சும்மா வைத்தால்தான் இப்படி. உழைத்துப் பழகிய கை, சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆடுகிறது. அதைத்தான் அவளிடமும் சொன்னேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன்.

"வெளிய எடு மாமா."

"பாக்கெட்டுல வுட்டுக்குற மாதிரி வரை."

"வேட்டில ஏது மாமா பாக்கெட்டு?"

"அப்ப துண்டப் போட்டு மூடிடு. எவ்ளோ பெரிய துண்டு, சும்மாதானே தோள்ல தொங்குது."

அவள் பிரஷைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கைய மூடிட்டா யாரோ ஒரு ஆளு கூடை மேல ஒக்காந்திருப்பாரு. அவ்ளோதான். என் மாமா இருக்க மாட்டாரு."

அக்டோபர் 6, திங்கள்

இன்றும் கை. உட்கார்ந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

வரைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "எப்பத்திலேருந்து மாமா?"

பெரிய கல்யாணம் ஒன்றில் இருநூறு படி சாதம் வடித்த அண்டா சாய்ந்ததையும், அடியில் ஒரு குழந்தை இருந்ததையும், நான் ஒற்றைக் கையால் தாங்கியதையும், அன்றைக்கு நரம்பு பிசகியதையும் விளக்கமாகச் சொன்னேன். குழந்தை இப்போது தாசில்தாராக இருக்கிறது.

"போன வாட்டி இந்தக் கதையில குழந்தை கெடையாது, பூனைக்குட்டி" என்றாள்.

"பூனைக்குட்டி வேற கல்யாணம்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"நரம்புல சூடு. ரெண்டு சனிக்கெழம எண்ணெய் தேச்சா எறங்கிடும்."

அதற்கு மேல் கேட்கவில்லை. அப்படித் தோண்டித் துருவாத பெண் கிடைப்பது அபூர்வம். ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை. கேட்கிறவர்களுக்கு ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம். பார்க்கிறவர்களை என்ன செய்வது?

அக்டோபர் 12, ஞாயிறு

படம் முடிந்தது. கூப்பிட்டுக் காட்டினாள்.

வாளி, வாளிதான். அடியில் ஒட்டியிருக்கிற ரசம்கூடத் தெரிகிறது. பனியன் தோளில் இருக்கிற ஓட்டையை விட்டுவிடுவாள் என்று இருந்தேன், அவள் விடவில்லை. முகம் முன்பைவிட நன்றாக வந்திருக்கிறது.

வலது கையை மூன்று தடவை வரைந்திருக்கிறாள், ஒன்றின் மேல் ஒன்றாக, மெல்லிய பூச்சாக. அடியில் இருக்கிற விரல் மேலே இருக்கிற விரலின் வழியாகத் தெரிகிறது. எந்த விரல் நிஜம் என்று பார்க்கப் போனால் கண் ஒன்றில் நிற்காமல் அடுத்ததற்குத் தாவுகிறது. நிற்கிற படத்தில் கை மட்டும் ஆடுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இதில் கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை. ஆடுகிறது.

"எப்படி மாமா?"

"நல்லா கீது" என்றேன். கீழே வந்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று பேசிவிடுவது என்று மாடி ஏறினேன்.

"மணி, சிவக்கொழுந்த வரச் சொல்லிட்டேன்."

"வரட்டும்."

"அவன் அந்தக் கையப் பாத்தான்னா ஐப்பசியில சொல்லி அனுப்ப மாட்டான்மா. ரசம் ஊத்துறவன் கை ஆடுதுன்னு படம் போட்டு மாட்டுனா யாரு கூப்புடுவா? எனக்கு வேற இன்னா தெரியும்? வாளி தூக்கத் தெரியும். அதுவும் இல்லன்னா ஒங்க அம்மா வூட்ல ஒக்காந்து தின்னுகினு இருக்கணும்."

"இப்ப மட்டும் இன்னா பண்ற?" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நானும் சிரித்துவிட்டேன்.

"லூர்தம்மா நேத்து வந்து பாத்தாங்க மாமா" என்றாள் மெதுவாக. "நீ மார்க்கெட்டுக்குப் போயிருந்த. ரொம்ப நேரம் அந்தக் கையத்தான் பாத்தாங்க. இந்தப் படந்தான் வேணும்னுட்டாங்க."

அவளுக்கு இந்தக் கை வேண்டும். எனக்கு இந்தக் கை வேண்டாம். இருப்பது ஒரே கை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மணிமொழி தன் சம்பளத்தில் எனக்கு மயில்கண் வேட்டி எடுத்திருந்தாள். இந்த மாதிரி கரை புதுச்சேரியிலேயே இரண்டு பேரிடம்தான் இருக்கும். சட்டை வேண்டாம், டி-ஷர்ட் போதும் என்று முன்பே சொல்லிவிட்டேன். பொத்தான் போடுவதெல்லாம் பழைய நாகரிகம்.

மழை. வெடிச் சத்தமே இல்லை. ஜெகதா செய்த அதிரசம் ஆறு தின்றேன்.

அக்டோபர் 22, புதன்

மணிமொழி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். ஜெகதா ரேஷன் கடையில். மாடி ஏறினேன்.

வீட்டுக்கு வெள்ளையடித்த அனுபவம் எனக்கு உண்டு. ஒரு துண்டு வரைவதற்குக் கல்லூரி எதற்கு? வெள்ளை டியூபைப் பிதுக்கினேன், பெரிய பிரஷாக ஒன்றை எடுத்தேன். முழங்காலிலிருந்து கை மறைகிற மாதிரி அழகாக ஒரு துண்டு போட்டுவிட்டேன். மடிப்பெல்லாம் கொஞ்சம் சாம்பல் நிறத்தில் வைத்தேன். கரைக்குச் சிவப்பு. பிறவி ஓவியன் ஒருவன் பந்தியில் வீணாகிவிட்டான் என்று தோன்றியது.

பிரஷைக் கழுவி வைத்தேன். சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

நேற்று சாயந்தரம் அவள் மேலே போனாள். நான் கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஓடியது என்று தெரியாது. பிறகு, "மாமா, மேல வா" என்றாள்.

கோபமாக இருப்பாள் என்று நினைத்து நான்கு விதமான பதில் தயாரித்துக்கொண்டு போனேன். துண்டை யார் வரைந்தது என்று தெரியாது என்பது முதல் பதில்.

அவள் கோபமாக இல்லை. படத்துக்கு எதிரே நான் உட்காருகிற கூடையில் உட்கார்ந்திருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா என்று குனிந்து பார்த்தால், சிரிப்பை அடக்குகிறாள்.

"மாமா, இந்தத் துண்டப் பாரு."

"நல்லாத்தானே கீது?"

"துண்டும் ஆடுது மாமா."

பார்த்தேன். மடிப்பெல்லாம் நெளிநெளியாக, கரை அலை அலையாக. ஜன்னலை மூடிய அறையில் அந்தத் துண்டுக்கு மட்டும் கடற்கரைக் காற்று. போடும்போது நேராகத்தான் போட்டேன். நேராகப் போடுவதாகத்தான் நினைத்தேன்.

முதலில் அவள் சிரித்தாளா நான் சிரித்தேனா என்று நினைவில்லை. ஜெகதா கரண்டியோடு மாடிப்படி ஏறி வந்து, "எதுக்குடி ரெண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துண்டால் துடைத்தேன், நிஜத் துண்டால்.

ஜெகதா கீழே போன பிறகு மணிமொழி ஒரு துணியை எடுத்து எண்ணெயில் தோய்த்துப் பிழிந்தாள். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இது இன்னிக்குப் போட்ட பெயிண்டு மாமா, காயல. தொடைச்சா வந்துடும். கீழ இருக்கிறது காஞ்சிடுச்சு, அதுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா நீ சொன்னாத்தான் தொடைப்பேன். வேணாம்னா சொல்லு, இப்படியே வச்சிடறேன். லூர்தம்மாகிட்ட படம் முடியலன்னு சொல்லிக்கிறேன்."

"ஒனக்குத் தையில அந்தக் கூடம்?"

"அடுத்த தை வராதா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் பொய் சொல்கிறவன், எனக்கு உண்மை சட்டென்று தெரியும்.

எனக்காக இதுவரை யாரும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை என்று எழுத வந்தேன். அது தப்பு. இந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாக விட்டுக்கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். முன் அறை எனக்கு, ஃபேனுக்கு நேர் அடியில்.

துணியை அவள் கையிலிருந்து வாங்கி நானே துடைக்கப் பார்த்தேன். "நீ வேணாம் மாமா, நீ தொடைச்சா பக்கத்துல வாளியும் போயிடும்" என்று பிடுங்கிக்கொண்டாள். மெதுவாக, குழந்தைக்கு வாய் துடைக்கிற மாதிரி துடைத்தாள். வெள்ளை போனது, சிவப்பு போனது. கை வந்தது. மூன்று கையும் வந்தது.

அக்டோபர் 25, சனி

கண்காட்சி திறப்பு. ஐந்தாயிரம் பேர். கூடத்தில் நாற்பது பேர் நிற்கலாம், ஆகவே மாறி மாறி வந்தார்கள்.

மயில்கண் வேட்டி கட்டிக்கொண்டு என் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். லூர்தம்மா மெலிந்த அம்மாள், பருத்திப் புடவை, எங்கள் ஊர்த் தமிழ். "ஐயா, நீங்க படத்த மறைக்கிறீங்க" என்றார். நகர்ந்து நின்றேன்.

சிவக்கொழுந்து வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி. படத்துக்கு முன்னால் வந்து நின்றான். பார்த்தான். இன்னும் பார்த்தான். வெளியே போய் வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருக்கலாமா என்று திரும்பினேன்.

"அண்ணே" என்றான்.

"இன்னா?"

"எனக்கு ஆடி மாசமே தெரியும்ணே."

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். நீ தொடை ஆடுச்சு, இலை ஆடுச்சு, பூமி ஆடுச்சுன்ற. அந்த வேட்டிக்காரன்கிட்ட நான் கால்ல விழாத கொறை." படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வாளிய அப்படியே வரைஞ்சிருக்குது பாரு பொண்ணு. இது நம்ம வாளிதானே? எப்ப எடுத்துகினு போன?"

"அது வேற வாளி."

"வளைஞ்ச கைப்பிடி தெரியுதுண்ணே. நாளைக்கு அனுப்பி வையி."

போகும்போது மணிமொழியின் தலையில் கை வைத்துவிட்டுப் போனான். ஐப்பசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாசல் வரை போய் அவனை வழியனுப்பினேன். அப்போது உள்ளேயிருந்து மணிமொழி கூப்பிட்டாள். படத்தின் முன் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், மரகதவல்லி என்று பெயர், நரம்பு டாக்டராம். படம் பார்க்க வந்தவர். மூக்கு படத்தில் இடிக்கிற மாதிரி குனிந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருதானாம்மா நீ வரைஞ்சவரு?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களுக்கு வாசனை தெரியுதுங்களா? காபி வாசனை, பூ வாசனை?"

தூக்கிவாரிப் போட்டது.

"எழுத்து சின்னதாயிட்டு வருதா? சட்டை பொத்தான் போட சிரமமா இருக்கா?"

எங்கள் வீட்டுக்கு வந்து நோட்டம் பார்த்துவிட்டுப் போனவர் மாதிரி கேட்கிறார். நாடி பிடிக்கவில்லை, கண்ணை இழுத்துப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டிய கையைப் பார்த்தே கேட்கிறார். வாசனை தெரியவில்லை என்றேன், மற்ற இரண்டுக்கும் ஆமாம் என்றேன். அண்டாவும் பூனைக்குட்டியும் நாக்கு வரை வந்தன, உள்ளே அனுப்பிவிட்டேன்.

"பயப்படாதீங்க. மருந்து இருக்கு. புதன்கிழமை க்ளினிக்குக்கு வாங்க, சரியா பாத்துடலாம்" என்றார். பிறகு மணிமொழியிடம், "பாடத்துல இத எழுதி வச்சிருப்பாங்கம்மா, நீ வரைஞ்சு வச்சிருக்க" என்றார்.

மணிமொழி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்டோபர் 29, புதன்

டாக்டரம்மாவின் க்ளினிக். நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், சுழி வரையச் சொன்னார். என் சுழி கொஞ்சம் தேங்காய் நார் மாதிரி வந்தது.

வியாதியின் பெயர் பார்க்கின்சன். துரை பெயர் மாதிரி இருக்கிறது. நம் குடும்பத்தில் சர்க்கரை, மூட்டுவலி, மூலம் தவிர எதுவும் வந்ததில்லை. இவ்வளவு கௌரவமான வியாதி முதல் முறையாக எனக்குத்தான்.

முழுசாகப் போகாது, மாத்திரையால் அடக்கி வைக்கலாம், வேளை தவறக் கூடாது என்றார். ஜெகதாவும் கூட வந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என் கையை, அந்தக் கையை, பிடித்துக்கொண்டு ரோடு தாண்டினாள். சின்ன வயசில் நான் அவளை அப்படித்தான் தாண்டிவிடுவேன். நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

நவம்பர் 1, சனி

லூர்தம்மா போன் செய்தார். தை மாதம் கூடம் மணிமொழிக்குத்தான். ஜெகதா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். வாசனை தெரியவில்லை, ருசி தெரிந்தது, போதும்.

அடுத்து யாரை வரையப் போகிறாய் என்று கேட்டேன். "அம்மாவ" என்றாள். ஜெகதா உடனே பட்டுப்புடவை எடுக்க பீரோவைத் திறந்தாள். நான் உட்கார்ந்து சிரித்தேன்.

நவம்பர் 5, புதன்

சிவக்கொழுந்து ஆள் அனுப்பவில்லை. அவனே வந்தான். வாளியைக் கேட்கத்தான் வந்தான் என்று நினைத்து எடுத்து வெளியே வைத்தேன்.

"வாளி எனக்கு. வாய் ஒனக்கு" என்றான்.

"இன்னாடா சொல்ற?"

"திங்கக்கெழம முகூர்த்தம். நீ பந்தி விசாரி. கையில ஒண்ணும் எடுக்காத. வரிசையில நடந்து போ, இது போதுமா, அது வேணுமான்னு கேளு. பசங்க பரிமாறுவானுங்க, பேச ஒருத்தனுக்கும் வரல. பாயசம் வேணுங்களான்னு கேக்குறதே போலீஸ் விசாரணை மாதிரி கேக்குறானுங்க. நீ எலை எலையா நின்னு பேசுவியே, முன்ன அதுக்குத்தான் ஒன்ன திட்டுவேன். இப்ப அதத்தான் பண்ணு."

ஜெகதா அவனுக்குக் காபி கொடுத்தாள். டம்ளரில் ஆவி பறந்தது. நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து அவன்தான் பயந்துவிட்டான். "முடியாதாண்ணே?" என்றான்.

"யோசிச்சு சொல்றேன்" என்றேன். அதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டாயிற்று.

நவம்பர் 10, திங்கள்

பெரிய கல்யாணம். இப்படி ஒரு பந்தி விசாரிப்பை மண்டபம் கட்டிய நாளிலிருந்து பார்த்ததில்லை என்று மண்டபத்துக்காரரே சொன்னார். (அவர் போன வருஷம்தான் வாங்கினார்.)

கூட்டுக்கு உப்பு சரியா, வடை இன்னொன்று வைக்கலாமா, பெண்ணுக்கு நீங்கள் எந்த வழியில் உறவு. வரிசை நெடுகப் பேசிக்கொண்டே போனேன். மாத்திரை போட்டும் கை லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. டாக்டரம்மா, கொஞ்ச நாள் போகட்டும் என்றிருக்கிறார். முதல் இரண்டு பந்தியும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். மூன்றாவது பந்தியில் மறந்துவிட்டேன்.

கடைசி வரிசையில் ஒரு பெரியவர் சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கப் போனார். என் கையைப் பார்த்துவிட்டார்.

"இன்னாப்பா, கை இப்படி ஆடுது?"

பக்கத்து இலைக்காரர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். பாயச வாளியோடு வந்த பையன் நின்றுவிட்டான்.

"பார்க்கின்சன்னு ஒரு வியாதிங்க. மாத்திரை சாப்பிடறேன்" என்றேன். "இந்தக் கையப் பாக்க கடற்கரைப் பக்கம் ஜனங்க வரிசையில நின்னாங்க, தெரியுங்களா? என் தங்கச்சி பொண்ணு வரைஞ்சது. நீங்க எலை போட்டு ஒக்காந்தபடியே பாக்குறீங்க. குடுத்து வச்சவரு."

பெரியவர் சிரித்துவிட்டார். எல்லா இலையும் சிரித்தது.

"பாயசம் ஒரு கரண்டி?"

"வேணாம்பா, சக்கரை."

"எனக்கு அது, ஒங்களுக்கு இது. அரைக் கரண்டி."

பெரியவர் பாதி மடித்த இலையைத் திரும்ப விரித்தார். பையனைப் பார்த்தேன், ஆடுகிற கையாலேயே காட்டினேன். ஊற்றினான்.